பேர் விழுந்த இடம்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தால் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். நாள் கூலிக்கு அங்கே அதுதான் சொல். மூக்காயி கண்டிக்கு வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாகிப் பல வருடமாகியும் கூலியைப் ‘பேர்’ என்றுதான் சொன்னாள். நாக்கும் மாறவில்லை, நாள் கூலியும் மாறவில்லை.

எண்பத்துமூன்று ஆடியில் தமிழர்களை அடித்து விரட்டிய கலவரத்தில் அவள் வீடும் எரிந்தது. புருசன் இருளப்பனுக்குக் கை முறிந்தது. அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்துக்கு இருவரும் வந்தபோது, அதே ஆஸ்பத்திரித் தாதி திரேசாவும் அகதியாக அங்கே ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, மாதச் சம்பளக்காரி. ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து வந்தது. தாதியும் ஆயாவும் முகாமிலேயே நோயாளிகளைப் பார்க்கட்டும் என்ற சொல்லும் கூடவே வந்தது.

திரேசா புண்ணுக்குக் கட்டுப் போட்டாள். மூக்காயி வாந்தி அள்ளினாள், கிழடுகளைக் குளிப்பாட்டினாள், மலச்சட்டி ஏந்தினாள். அந்த வேலைக்குப் போட்டிக்கு ஒருவரும் வரவில்லை.

அவளுக்கு ஒரே கவலை. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஓர் அறை பார்த்திருந்தாள். மாதக் கடைசியில் முற்பணம் கொடுத்தால்தான் சாவி. இல்லாவிட்டால் முறிந்த கையோடு புருசனை எங்கே படுக்கவைப்பது?

ஒரு நாள் திரேசா வந்து சொன்னாள்: “மூக்காயி, உம்மட பேரையும் குடுத்திட்டன். ஒண்டுக்கும் யோசியாதையும்.”

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாளே தம்பி வீரய்யா தேடி வந்தான். “அக்கா, கலகெதரப் பக்கம் களை வெட்ட ஆள் கேக்குறாங்க. வா போயிருவோம்.”

“இங்கயே எனக்குப் பேர் விழுதுடா. திரேசா மிஸ்ஸி குடுத்துட்டாங்க.”

அவன் தனியாகப் போனான்.

சம்பள நாளன்று ஆஸ்பத்திரியில் திரேசாவுக்கு முழுச் சம்பளமும், கலவர இழப்புக்கென்று முற்பணமும் கிடைத்தன. மூக்காயி கையில் விழுந்தது, கலவரத்துக்கு முன்னால் செய்த வேலைக்கான கூலி மட்டும்.

“முகாமுல பாத்த வேலைக்குங்க?”

“நாள் கூலிக்காரங்க இங்க வந்து கையெழுத்து வைக்கணும் ஆயா,” என்றார் கிளாக்கர். “வைக்காட்டி வராத நாள்தான்.”

“மிஸ்ஸி பேர் குடுத்தாங்களே.”

திரேசாவின் முகம் வெளுத்தது. “ஐயோ, அது கப்பலுக்கெல்லோ. யாழ்ப்பாணம் போற ஆக்களோட உங்கள் ரெண்டு பேரையும் சேர்க்கச் சொல்லிக் குடுத்தனான். உமக்கு நல்லதெண்டு நினைச்சன்.”

“அங்க எனக்கு யாருங்க இருக்கா? எங்களுக்குப் பேருன்னா கூலிங்க மிஸ்ஸி.”

திரேசா கிளாக்கரிடம் திரும்பினாள். “அப்ப எனக்கும் வெட்டுங்கோ. நானும் அங்கதானே வேலை செய்தனான்.”

“மாசச் சம்பளத்துல அப்பிடி வெட்டுறதுக்கு வழியில்ல மிஸ்ஸி.”

திரேசா தன் பணத்தில் பாதியை நீட்டினாள். மூக்காயிக்குக் கோபம் பொங்கியது. கிளாக்கர் மேல், இவள் மேல், எல்லாவற்றையும்விடத் தன் நாக்கின் மேல்.

“இது உங்க பேரு மிஸ்ஸி. நான் என்னோடதைத்தான் கேட்டேன்.”

அம்பிட்டிய அறை வேறு யாருக்கோ போனது.

கொழும்புக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவர்களுக்கு முகாம் வாசலில் பஸ் வந்து நின்றது. ஓர் அதிகாரி பேர் வாசித்தார். திரேசா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“மூக்காயி.”

ஒருவரும் ஏறவில்லை. அவர் இன்னொரு தடவை வாசித்தார்.

மூக்காயி மலச்சட்டியும் கையுமாக நின்றாள். வேலை செய்த இடத்தில் விழாத பேர் இங்கே சும்மா விழுந்திருந்தது. திரேசா ஜன்னல் வழியாக, “வாருமன் மூக்காயி,” என்றாள். அழுதிருந்தாள். அவள் நல்லவள்தான், அதுதான் மூக்காயிக்கு இன்னும் வலித்தது.

“போயிட்டு வாங்க மிஸ்ஸி,” என்றாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, “அந்தப் பேரை வெட்டிருங்க ஐயா.”

தோட்டத்தில் அரைப் பேருக்குக்கூடக் கங்காணியோடு மல்லுக்கு நின்றவள் அவள். தன் வாயால் ஒரு பேரை வெட்டச் சொன்னது அன்றைக்குத்தான்.