செவலை கூட்டிப்போன வீடு

செவலையைக் குட்டியிலிருந்து தன் கையாலேயே வளர்த்ததாக என் கணவன் ஜம்யான் சொல்லாத நாள் கிடையாது. தாய்க்குதிரை செத்துப்போனதாம், இவன்தான் ஆட்டுப்பால் புகட்டினானாம். ஒரு குதிரைக்குட்டிக்கு இவ்வளவு செய்தவன் பெண்டாட்டியைக் கைவிடமாட்டான் என்று நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

அந்த வசந்தத்தில் அக்காவைப் பார்த்துவிட்டுச் செவலைமேல் தனியாகத் திரும்பும்போது வானம் மஞ்சளானது. புழுதிக்காற்று. குதிரையின் காதுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. "புழுதில மாட்டினா கடிவாளத்த விட்டுடு. செவலை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரும்" என்று ஜம்யான் சொல்லியிருந்தான். விட்டேன். அது கொஞ்சமும் தயங்காமல் நடந்தது.

ஆனால் காற்று என் வலக் கன்னத்தில் அறைந்தது. எங்கள் கூடாரத்துக்குப் போவதென்றால் இடக் கன்னத்தில் அல்லவா அறைய வேண்டும்? காற்றுதான் திசை மாறிவிட்டது போலும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கடைசியில் ஒரு கம்பளிக் கூடாரம் மங்கலாகத் தெரிந்தது. குதிரை கட்டும் கயிற்றருகே செவலை தானாகப் போய் நின்றது. நாய் குரைத்தது. எங்கள் நாய் என்னைப் பார்த்து எதற்குக் குரைக்கிறது? ஒன்றும் புரியாத எரிச்சலில், கண்ணைக் கசக்கிக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

"யோவ், நாயப் பிடிக்க மாட்டியா? வெளிய உலகமே பறக்குது, நீ உக்காந்து டீ குடிக்கிறியா?"

அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது ஜம்யான் இல்லை, வேறு யாரோ.

"பிடிக்கிறேம்மா" என்றார் பணிவாக. அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லா கேளு தங்கச்சி. நான் சொன்னா இவரு காதுல ஏறாது."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் பேர் பூரேவ், அவள் ஹாந்த். உப்புப் போட்ட பால்தேநீர் கொடுத்தார்கள். இந்த வருஷம் குட்டிகள் பிழைத்தனவா என்று விசாரித்தார்கள். காற்று தணிந்ததும், குதிரையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பூரேவ் வெளியே போனார். திரும்பி வந்தவர் ஹாந்த்தின் காதில் ஏதோ சொன்னார். ஹாந்த் போனாள். கண் சிவந்து வந்தாள். நான் என்ன தப்பு செய்தேன்? நுழையும்போது வாசல்படியை மிதித்துவிட்டேனா? ஆனாலும் என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் போட்டார்கள். அது என்னை மேலும் குழப்பியது.

"குதிரை யாரோடது தங்கச்சி?"

"எங்க வீட்டுக்காரரோடதுக்கா. குட்டிலேர்ந்து ஆட்டுப்பால் குடுத்து வளர்த்தாரு."

"ஆட்டுப்பாலா?" ஹாந்த்தின் குரல் உடைந்தது. "அது அந்தக் குட்டிக்கு ஒத்துக்கவே ஒத்துக்காதே. மாட்டுப்பால்ல தண்ணி கலந்து நான்தான் புகட்டினேன். ராத்திரில என் போர்வைக்குள்ளதான் படுத்துக்கும்."

என்னை வெளியே கூட்டிப்போனாள். கயிற்றில் நின்ற அவர்களுடைய குதிரைகளின் தொடையிலெல்லாம் அவர்கள் வீட்டு அடையாளமாகப் பிறைநிலாச் சூடு. செவலையின் தொடையில் எங்கள் சூடு எப்போதுமே கலங்கலாக இருக்கும். சூடு போடும்போது கை நடுங்கிவிட்டது என்பான் ஜம்யான். கிட்டே போய் விரலால் தடவினேன். அடியில் பிறை இருந்தது.

"ஓநாய் தின்னுருச்சுன்னு நெனச்சு அழுதோம்" என்றார் பூரேவ். அவ்வளவுதான் சொன்னார். நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

சேணத்தை அவிழ்க்கப் போனேன். ஹாந்த் என் கையைப் பிடித்தாள்.

"நடந்து போயி எங்க விழப்போற? ஏறிப் போ. கொண்டுவந்து விட வேண்டியது நீயில்ல."

கணவாய்வரை பூரேவ் கூடவே வந்து வழிகாட்டினார். அதற்குப் பிறகு வழி முழுக்க அழுதேன். குதிரைக்காகவா, எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

ஜம்யான் ஓடி வந்தான்.

"உத்வல்! உசுரே போயிடுச்சு எனக்கு. கடிவாளத்த விட்டியா?"

"விட்டேன்."

"நான் சொன்னேன்ல! நேரா வீட்டுக்குத்தானே கூட்டிட்டு வந்துச்சு?"

"நேரா வீட்டுக்குத்தான் போச்சு. அந்தக்கா டீ குடுத்தாங்க."

அவன் கண் செவலையின் தொடைக்குப் போனது. முகத்தில் ஈயாடவில்லை. இறங்கி, கடிவாளத்தை அவன் கையில் வைத்தேன்.

"காலைல நீ ஏறிப் போ. யார்கிட்டயும் வழி கேக்க வேணாம். இந்தக் கடிவாளத்த விட்டுட்டாப் போதும்."