பாலில் நனைத்த கை

வேளாண் கல்லூரியில் தன் துறைத்தலைவருக்கு, அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் கைராசிக்காரர். நோயைத் தாங்குமா என்று சோதிக்கத் தக்காளிச் செடிக்கு வைரஸ் ஏற்றுவது ஒன்றும் மாயவித்தை இல்லை. நோய் பிடித்த இலையை அரைத்துச் சாறெடுத்து, நல்ல இலையில் நைசான மணல்பொடி தூவி, சாறு தொட்ட விரலால் லேசாகத் தேய்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக வைரஸ் உள்ளே போய்விடும். இந்த ஒரு வேலையை மட்டும் மனுஷன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் உருவாக்கிய புதுரகம் அவர் தேய்த்தும் பச்சைப்பசேலென்று நின்றது. நோயே அண்டாத ரகம் என்று ஊரெல்லாம் தம்பட்டம். அதை நம்பி அவளுடைய அண்ணன், இருக்கிற நிலம் பூராவும் அந்த விதையைத்தான் போடப்போகிறான்.

சாதாரண ரகச் செடி நாலைக் கூடவே தேய்த்து, அதற்காவது நோய் வருகிறதா பார்க்கலாமே என்று அவள் கேட்டபோதெல்லாம், “இடத்தை அடைக்கும்மா” என்று தட்டிக்கழித்தார். சந்தேகம் தாளாமல் ஒருநாள் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள். தேய்ப்பதற்கு முன்னால் இரண்டு கையையும் ஒரு கிண்ணம் பாலில் முக்கினார்.

“இது எதுக்கு சார்?”

“சுத்தத்துக்கும்மா. பால்ல கை நனைச்சா வைரஸ் ஒரு செடியிலேருந்து இன்னொண்ணுக்குப் பரவாது. தோட்டக்காரங்களே செய்வாங்க. படிச்சதில்லையா?”

படித்திருந்தாள். அதனால்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பரப்புவதற்குத்தானே இந்த ஆளுக்குச் சம்பளம்! அடுப்பு மூட்ட வந்தவன் விறகைத் தண்ணீரில் ஊறப்போட்ட கதை. இதற்கு ஒரு பட்டம், ஒரு சுழல்நாற்காலி.

அவர் கண்ணெதிரிலேயே, அதே சாற்றை வெறுங்கையால் அவருடைய செடிகளில் ஒரு வரிசைக்குத் தேய்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். இரண்டு வாரத்தில் அந்த வரிசை முழுக்க இலை சுருங்கி, மஞ்சள் திட்டாகிப்போனது. ஒரு தொட்டியைத் தூக்கி அவர் மேஜையில் வைத்தாள்.

“உன் கைவாகு அப்படி” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

“அப்ப விதைப் பொட்டலத்தோட உங்க கையையும் ஒரு கிண்ணம் பாலையும் சேத்து அனுப்பிடுங்க சார்.”

வெளியே வந்ததும் அண்ணனுக்கு போன் போட்டாள். நல்லவேளை, இன்னும் விதைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

“அவ்வளவு பெரிய மனுஷன் பொய் சொல்வாராம்மா?” என்றான் அண்ணன்.

“பொய் சொல்லவும் கொஞ்சம் மூளை வேணும்ண்ணா. நீ விதையத் திருப்பிக் குடு.”