துரைச்சி ஊற்றைப் பற்றி ஒரு பொய்

அமலி இத்தனை வயதுக்கு அச்சில் ஒரு பொய்கூட எழுதியதில்லை. இந்த மாசியில் எழுதினாள். அதுவும் மனசறிந்து, ரபியாவின் பெயரையும் சேர்த்துப் போட்டு.

மலைமேல் நாகலூருக்குக் கீழே காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் துரைச்சி ஊற்றுக்கு, அங்கே குளிக்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் மனைவியால்தான் அந்தப் பெயர் வந்தது என்று எழுதினாள். சுத்தப் பேத்தல்! துரைச்சி என்பது ஒரு மலைக்காரப் பெண்ணின் பெயர், அவள் தோண்டிய ஊற்று அது என்று மாரமங்கலம்வரை நடந்து, வயசானவர்களைக் கேட்டுக் கேட்டு நிலைநாட்டியவளே ரபியாதான்.

ஊருக்கு அவர்கள் அமலி டீச்சரும் லைப்ரரி ரபியாவும். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் ஒருத்தி, நூலகத்தில் இருந்தவள் ஒருத்தி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மலையின் சரித்திரம் எழுதுகிறார்கள், துணைக்குத் துணை, செலவும் மிச்சம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நினைக்கட்டுமே! கதவைச் சாத்தினால் ஒருத்திக்கு ஒருத்தி யார் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியே 'ஏனுங்க டீச்சர்' என்கிற ரபியா, உள்ளே வந்ததும் டீச்சரை விட்டுவிட்டு வெறும் 'ஏனுங்க' என்பாள், கட்டிக்கொண்டவள் கூப்பிடுகிற மாதிரி. அதைக் கேட்டால் அமலிக்குக் காய்ச்சல்கூட இறங்கிவிடும்.

போன ஐப்பசியில் ரபியாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். தம்பி அப்துல் சமது காரோடு வந்து சேலத்துக்குக் கூட்டிப்போனான். கால் தேறியும் அனுப்பவில்லை. மலையில் தனியாக எதற்கு என்றானாம். தனியாகவாம்! அமலி என்ன, மேசை நாற்காலியா?

ஆனால் எந்த உறவைச் சொல்லிக் கேட்பது? ஒருமுறை சேலத்துக்குப் போனாள். முன்னறையில் உட்காரவைத்து, முறுக்கும் டீயும் கொடுத்து, 'டீச்சர் டீச்சர்' என்று தாங்கினார்கள். எதிரில் ரபியா, நடுவில் சமதின் மகள் ஆஃப்ரின். கையைக்கூடத் தொடாமல் பஸ் ஏறினாள். போனிலும் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்கள்.

"சாப்பிட்டீங்களா டீச்சர்?"

"ஆச்சு. காலு எப்படி இருக்குது?"

அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலங்களில் அமலி ஒரு பாட்டின் முதலடியை உரக்கப் படித்துவிட்டுக் காத்திருப்பாள். அடுத்த அடி எப்போதும் ரபியாவுடையது. படிக்க ஆளில்லாமல் புத்தகத்தை மூடிவிட்டு அழுவாள்.

அப்புறம்தான் அந்தப் பொய். தன் பெயரில் ஒரு பிழை அச்சேறினால் ரபியா காலை இழுத்துக்கொண்டாவது சண்டைக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டாள். சேலத்திலிருந்து வரும் வரலாற்று இதழில் கட்டுரை வெளியானது. ரபியாவிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. அவள் பேரைக் கெடுத்துவிட்டோமே, இனி முகத்திலேயே விழிக்கமாட்டாளோ?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. ஊன்றுகோலோடு ரபியா இறங்கினாள். கையில் அந்த இதழ்.

"என்ர பேரைப் போட்டு இப்படியா எழுதுவீங்க? தொரசானி வந்து குளிச்சாளாம்! நீங்க போயி முதுகு தேச்சு உட்டீங்களா?"

சமது அழாத குறை. "நீங்களே சொல்லுங்க டீச்சர். சோறு திங்கறதில்ல, நொம்ப அடம். திருத்தி எழுதிக் குடுத்துட்டு வந்தர்றேங்குது. பொழுதுக்குள்ள மலை எறங்கோணுமுங்க." சொல்லிவிட்டுக் காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

அமலி குரலைத் தாழ்த்தினாள். "தெரிஞ்சேதான் எழுதினேன் ரபியா. நீ வருவேன்னு."

"அது மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சுங்க. உங்களுக்குப் பொய் எழுத வருதா?" ரபியா இதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "பொய் எதுக்குங்க? வான்னு ஒரு தடவ சொன்னீங்களா? ஒவ்வொரு போனுக்கும், இன்னிக்காச்சும் கூப்புடுவாங்கன்னு கெடந்தேன். காலு எப்படி, காலு எப்படின்னு காலை மட்டுந்தான் கேட்டீங்க. சரி, நாம பாரமாயிட்டோம் போலன்னு இருந்துட்டேன். திருத்தத்தை அங்கிருந்தே எழுதிக்கறேன்."

திரும்பிக் காரை நோக்கி நடந்தாள்.

அமலி வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள் இத்தனை மாதம்? ஓரெழுத்து ஒருமொழிக்கு உதாரணமாக வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட சொல். பிள்ளைகள் கோரஸாகக் கத்திய சொல். அது தன் வாயிலிருந்து வர ஒரு பொய் வேண்டியிருந்ததா?

சமது கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தான். பக்கத்து வீட்டுக் கனகா மிளகு காயவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். யார் பார்த்தால் என்ன!

"ரபியா, வா."

அவள் நின்றாள்.

"நம்ம ஊட்டுக்கு வா. என்னால முடியல, வந்துரு."

ரபியா திரும்பினாள். சமது இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். ரபியா அவனுக்குப் பின்சீட்டைக் கோலால் காட்டினாள். அவன் குனிந்து எடுத்தான். பொழுதுக்குள் மலை இறங்கவேண்டியவள், தன் துணிமணி அத்தனையும் அடைத்த பெரிய பையைக் கொண்டுவந்திருந்தாள்.