நாலு கடலைமிட்டாய்

அய்யம்மாளை யாரும் நொண்டி என்று கூப்பிடாமலிருக்க நாளொன்றுக்கு நாலு கடலைமிட்டாய், அதாவது அரையணா விலை. மகளுக்குத் தெரியாமல் விஸ்வநத்தத்துத் தெருப் பையன்கள் நால்வரோடும் வள்ளித்தாய்தான் பேசி முடித்திருந்தாள். தீப்பெட்டி ஒட்டும் கூலியில் அது கட்டுபடியாகிற பேரம்தான்.

நேற்று மகளுக்குத் தெரிந்துவிட்டது.

"மிட்டாய் தீந்தா திரும்பவும் வாயத் தொறப்பானுக. எம்புட்டு நாளைக்கும்மா வாங்கிப் போடுவ? நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நான் தனியாப் போறேன். பின்னாடி வராத."

பின்னாடி போகாமல் இருக்க முடியுமா? காயவைத்த தீப்பெட்டித் தட்டுகளுக்குப் பின்னால் வள்ளித்தாய் ஒளிந்து நின்றாள். எதற்கும் இருக்கட்டுமென்று முந்தானையில் நாலு மிட்டாய் முடிந்திருந்தாள்.

"ஏலே, நொண்டி வருது."

அய்யம்மாள் ஊன்றுகம்போடு நின்றாள். "எம் பேரு அய்யம்மா. அதச் சொன்னாத்தான் திரும்புவேன். வழிய விடுலே, மணியடிக்கப் போவுது."

ஒருவன் சிரித்தான், இன்னொருவன் விலகினான். நாலடி தாண்டியதும் கம்பு வழுக்கி அவள் விழுந்தாள். வள்ளித்தாயின் கால் தானாக முன்னே போனது. மகள் திரும்பிப் பார்க்காமலே, வர வேண்டாமென்று கையைத் தூக்கினாள். பிறகு கம்பைப் பற்றி எழுந்து நடந்தாள்.

வள்ளித்தாய் கணக்குப் பார்த்தாள். விழுந்தது ஒரு தடவை, எழுந்தது ஒரு தடவை. மிட்டாய் நாலும் மிச்சம்.