வர்ணனை அறைக்கு வெளியே

"நாளைக்கு நீ அந்த பஸ்ல ஏறினேன்னா, மேவிஸ், அப்புறம் இந்த ஊர்ல நான் தலைகாட்ட முடியாது."

டெல்பர்ட் முள்கரண்டியைத் தட்டில் போட்ட சத்தத்தில் மேசைக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. மேவிஸ் சோளக்கதிருக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"பஸ்ல ஏத்த மாட்டாங்களாம். ஆட்டக்காரப் பசங்க சட்டையைக் கழட்டிட்டு உக்காந்து வருவாங்களாம், பொம்பளை இருந்தா கூச்சமா இருக்குமாம். நான் நம்ம கார்ல பின்னாலயே போறேன்."

"ரொம்ப நல்லாயிருக்கு! ஒரு பஸ் ஆம்பளைங்களைத் துரத்திக்கிட்டுப் போறா டெல்பர்ட் பொண்டாட்டின்னு நான் வேலை பாக்குற கிடங்குல பேசுவானுங்க. இப்பவே பேசுறானுங்க."

"என்ன பேசுறாங்க?"

"ஹோம் ரன்னுக்கும் ஹாம் கறித் துண்டுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியுமான்னு கேக்குறானுங்க."

"நீ என்ன சொன்னே?"

டெல்பர்ட் முள்கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டான். அவன் அங்கே என்ன செய்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். சிரித்திருப்பான்.

ஹார்லோ ஃபெரி மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். அந்த ஊருக்கென்று ஒரு பேஸ்பால் அணி, அந்த அணிக்கென்று ஒரு வானொலி நிலையம். மேவிஸ் அங்கே வானிலையும் பன்றி விலையும் வாசித்துக்கொண்டிருந்தவள். சின்ன வயதிலிருந்து பேஸ்பால் பைத்தியம். வர்ணனையாளர் ஆட்டப் பருவத்தின் பாதியில் சிகாகோவில் பெரிய வேலை கிடைத்துக் கிளம்பிவிட, நிலைய முதலாளி கிரேடி வேறு வழியில்லாமல் உள்ளூர் ஆட்டங்களை அவளிடம் கொடுத்தார். "வேற ஆள் கெடைக்கற வரைக்கும்தான்" என்று நாள் தவறாமல் சொல்லிவந்தார். இப்போது அணி இரண்டு நாள் ஆட்டத்துக்கு வெளியூரான பிரண்ட்விக்குக்குப் போகிறது. வேற ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

மறுநாள் அவள் பஸ்ஸின் புகையைக் குடித்தபடி சோளக் காடுகளுக்கு நடுவே காரோட்டிப் போனாள். ஒலிபரப்புப் பெட்டி பின்சீட்டில் குலுங்கிக்கொண்டே வந்தது.

பிரண்ட்விக் மைதானத்தின் வர்ணனை அறை, பார்வையாளர் வரிசைகளுக்கு மேலே மரப்படிகளின் உச்சியில் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறிப் போனாள். கதவில் பச்சைப் பலகை: 'பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அனுமதி இல்லை.' கதவை மறித்துக்கொண்டு ஷுல்ட்ஸ் நின்றார். மைதானத்தின் மேலாளர்.

"அம்மா, சமரசம் பண்ணிக்குவோம். நீங்க கீழ உக்காந்து ஆட்டத்தைப் பாருங்க. உங்க ஊருக்கும் சேத்து எங்க ஆள் சொல்லிடுவார்."

"உங்க ஆள் உங்க அணிக்குக் கைதட்டுவார். எங்க ஊர்க்காரங்க அதைக் கேக்கவா ரேடியோ வாங்கியிருக்காங்க?"

"உள்ள ஆம்பளைங்க சுருட்டுப் புடிப்பாங்க, கெட்ட வார்த்தை பேசுவாங்க. உங்க மரியாதைக்குத்தாம்மா சொல்றேன்."

"என் மரியாதையை நான் பாத்துக்கறேன். ஒலிபரப்புப் பெட்டியை மாட்டுற தொலைபேசிக் கம்பி எங்க இருக்கு?"

"உள்ளதான்."

"அப்ப ஜன்னல் வழியா வெளிய போடுங்க. கம்பி ஆம்பளையா பொம்பளையான்னு பாக்க மாட்டீங்கல்ல?"

உள்ளே யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். சற்று நேரத்தில் கறுப்புக் கம்பி ஜன்னல் வழியாகத் தொங்கியது. கீழே வெயில் காயும் மர இருக்கைகளில் மேவிஸ் பெட்டியை மடியில் வைத்துக் கம்பியை இணைத்தாள். ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஹார்லோ ஃபெரி நேயர்களே, பேசுறது மேவிஸ் டோர்னன். நான் இன்னைக்கு மேல இருக்கற வர்ணனை அறையில இல்ல. பெண்களும் குழந்தைகளும் வரக்கூடாதுன்னு அங்க பலகை மாட்டியிருக்காங்க. நான் குழந்தை இல்ல. காரணத்தை நீங்களே யூகிச்சுக்கலாம்."

ஆட்டம் தொடங்கியதும் பக்கத்து இருக்கையில் தொப்பி வைத்த தடியர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, அடுப்புல எதையாவது வச்சுட்டு வந்துட்டியா? தீயப்போகுது, ஓடு!"

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேவிஸ் ஒலிவாங்கியை அணைக்கவில்லை.

"பக்கத்துல ஒருத்தர் என் அடுப்பைப் பத்திக் கவலைப்படுறார், நேயர்களே. அவங்க ஊர் ஆள் கையிலேர்ந்து பந்து நழுவி உருளுதே, அதை அவர் பாக்கல. நம்ம பையன் ஓடுறான், ஓடுறான்... வந்து சேந்துட்டான்! ஒரு ரன்!"

இப்போது தடியரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டம் பாதி போவதற்குள் அவர் அவள் பக்கம் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டி, "என் பேரு எல்ரோய். ரேடியோவுல சொல்லேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கடைசி இன்னிங்ஸில் ஹார்லோ ஃபெரி ஒரே ரன் பின்தங்கியிருந்தது. அவர்கள் ஆள் அடித்த பந்து உயர எழும்பி இடதுபக்க வேலியை நோக்கிப் போனபோது மேவிஸ் தன்னையறியாமல் எழுந்து நின்றாள். "போகுது... இன்னும் போகுது... அவங்க ஆள் வேலியில முதுகை ஒட்டிக்கிட்டு எம்புறான்..." அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "புடிச்சுட்டான். அவ்வளவுதான், நேயர்களே. போச்சு."

மறுநாள் காலையில் விடுதியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசினாள்.

"கேட்டியா, டெல்?"

"கிடங்குல போட்டிருந்தாங்க. எல்லாரும் கேட்டோம்."

"என்ன சொன்னாங்க?"

"தோத்துட்டோம்னு சொன்னாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீ அங்க போனது எனக்கு இன்னும் புடிக்கல, மேவிஸ்."

"புடிக்கலைன்னா ரேடியோவ அணைச்சிருக்கலாமே?"

"கடைசி இன்னிங்ஸ்ல எந்த முட்டாள் அணைப்பான்?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் தொலைபேசியை வைக்கவும் இல்லை.

இரண்டாம் நாள் மைதானத்து வாசலிலேயே ஷுல்ட்ஸ் காத்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. காலையிலிருந்து அலுவலகத்துத் தொலைபேசி ஓயவில்லை. பலகைக்காகத் திட்டியவர்களில் பாதிப்பேர் அவர் ஊர்க்காரர்களே.

"வாங்கம்மா, மேல வாங்க. உங்களுக்கு நாற்காலி போட்டாச்சு. எங்க பசங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. உங்களை நாங்க பொம்பளையாவே நெனைக்கல, எங்கள்ல ஒருத்தராத்தான் நெனைக்கிறோம். அந்தப் பலகையைப் பத்தி மட்டும் ரேடியோவுல பேச வேணாம்."

"பலகையைக் கழட்டிட்டீங்களா?"

"அது எதுக்கு? அது உங்களுக்கு இல்லம்மா. மத்த பொம்பளைங்களுக்கு."

மேவிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் நிஜமாகவே பெருந்தன்மையாக நடந்துகொள்வதாக நம்பினார். அது அவர் முகத்தில் தெரிந்தது.

"கம்பியை வெளிய போடச் சொல்லுங்க" என்றாள்.

மேகம் கறுத்துத் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நேற்றைய இருக்கையில் எல்ரோய் அவளுக்கு இடம் பிடித்து வைத்து, பெரிய குடையை விரித்துப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டார். மேவிஸ் ஈரமான கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தாள்.

"ஹார்லோ ஃபெரி நேயர்களே, பேசுறது மேவிஸ் டோர்னன். வர்ணனை அறைக்குள்ள வர இன்னைக்கு எனக்கு அனுமதி குடுத்திருக்காங்க. பெண்களுக்குத்தான் இன்னும் குடுக்கல. அதனால மழையில உக்காந்துதான் பேசுறேன். நம்ம ஆள் மட்டையோட வர்றான். முதல் பந்து..."