எடையில்லாத சார்ஜர்

டெல்மர் ஸ்டில்ட்னர் மாட்டிய சிவப்பு அட்டையை அந்தச் சுரங்கத்தில் வேறு எவனும் தொட முடியாது. பழுதான இயந்திரத்தில் அட்டையை யார் மாட்டினானோ அவனேதான் பழுதைச் சரிபார்த்துக் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் நடக்காது. மலைக்கு அடியில், வாயு கசியும் இடத்தில், ஒரு பொறி போதும், மொத்தப் பேரும் அங்கேயே சமாதி. அதனால் மின்காரன் டெல்மர் தூரத்தில் வருவது தெரிந்தாலே ஆட்கள் தங்கள் கேபிளை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

போன வருஷம் கரிவண்டி ஓட்டும் ரஸ்டி, தோல் கிழிந்த கேபிளில் சாதாரண டேப்பைச் சுற்றிக்கொண்டு ஓட்டினான். டெல்மர் வண்டியை நிறுத்தி அட்டையை மாட்டினார். எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நீ செத்தப்புறம் உன் பொண்டாட்டிகிட்ட நான் என்னடா சொல்றது? டேப்பை மிச்சம் பிடிச்சான்னா?"

ரஸ்டி அன்றைக்கு ஷிப்ட் முடியாமலே வீட்டுக்குப் போனான். நாற்பது வயசு ஆள், குளியல் கொட்டகையில் யார் முகத்தையும் பார்க்காமல் உடுப்பை மாற்றினான்.

அப்படிப்பட்ட டெல்மரின் வீட்டு சோபாதான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். மகன் ஜேரட் டெக்சாஸில் குழாய் பதிக்கும் வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி டெஸ்ஸாவும் ஆறு மாதப் பிள்ளையும் டெல்மர் வீட்டில் இருந்தார்கள். டெஸ்ஸா முதியோர் விடுதியில் வேலை பார்க்கிறவள். கிழவர்களைத் தூக்கி உட்காரவைத்து, கழுவி, துடைத்து, ஓய்ந்துபோய் வருவாள். ஜேரட்டோடு போனில் பேசுகிற நேரம்தான் அவளுக்கென்று இருந்த நேரம். அவளுடைய சார்ஜரின் கழுத்து முறிந்துபோனபோது டெல்மரிடம் சொன்னாள்.

"டவுனுக்குப் போனீங்கன்னா நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க டெல்மர். வட்டத்துக்குள்ள பாதுகாப்பு முத்திரை போட்டிருக்கும்ல, அது. உங்களுக்குத் தெரியாததா."

டெல்மர் டவுனுக்குப் போகவில்லை. பள்ளத்தாக்கு வாயிலில் இருக்கிற பெட்ரோல் பங்கில் சிகரெட் வாங்கப் போனவர், கல்லாவுக்குப் பக்கத்தில் லைட்டரும் மிட்டாயும் வைத்திருக்கும் கூடையில் ஒரு சார்ஜரைப் பார்த்தார். தங்க நிறம். கையில் எடுத்தார். காலி முட்டை ஓடு மாதிரி எடையே இல்லை. முத்திரை இல்லை, செய்தவன் பெயர் இல்லை. முப்பது வருஷம் மின்சாரத்தோடு புழங்கிய கைக்கு, மட்டமான சரக்கு என்று தெரிய அது போதும். ஆனாலும் வாங்கினார். காசு ஒரு பொருட்டே இல்லை. டவுனில் வாங்கினால் கூட ஒரு பாட்டில் விஸ்கியின் விலை வராது. அலுப்பு ஒன்று. இன்னொன்று, எந்நேரமும் போனைத் தடவிக்கொண்டிருக்கும் இந்தப் பொண்ணுக்கு இது போதும் என்கிற நினைப்பு. அந்த நினைப்பை அவர் அப்போது நினைப்பாகக்கூட எண்ணவில்லை.

நாலைந்து நாள் கழித்து டெஸ்ஸா சொன்னாள். "இது ரொம்பச் சூடாகுது டெல்மர். ஒரு மாதிரி வாடையும் வருது."

"ராப்பகலா அதை நோண்டிக்கிட்டே இருந்தா சூடாகாம பனிக்கட்டியா இருக்கும்?" என்றார் டெல்மர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சோபாவுக்குப் பின்னால் இருந்த பிளக்கில் அதை மாட்டி, போனை சோபா மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். சோபாவின் மறுகோடியில் பிள்ளை கூடையில் தூங்கியது. டெல்மர் சமையலறையில் பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுகொண்டிருந்தார். பட்டென்று ஒரு சத்தம். எழுந்து வருவதற்குள் சோபாவின் முதுகுத் துணி பிடித்துக்கொண்டது. அவர் மனைவி லொரீனா பிள்ளையைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். டெல்மர் மெயினை இறக்கி, சோபாவை வாசல் வழியாக இழுத்துப் போட்டார். டெஸ்ஸா ஈரத் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்ததில் ஊர் ஆட்களே ஓட்டும் தன்னார்வத் தீயணைப்பு வண்டி வந்தது. அதிலிருந்து முதலில் குதித்தவன் ரஸ்டி.

அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. ரஸ்டி கையுறையோடு உள்ளே போய், சுவரில் உருகி ஒட்டியிருந்த தங்க நிறக் கட்டியைப் பிய்த்து எடுத்துவந்தான்.

"இது யாரோடது?"

"என்னோடது," என்றாள் டெஸ்ஸா.

"ஏம்மா, இந்தக் குப்பையை எங்க பொறுக்கின? இதைப் பிள்ளை தூங்குற இடத்துலயா மாட்டுவாங்க? உன் மாமனாரு கண்ணை மூடிக்கிட்டே இதுக்குச் சிவப்பு அட்டை மாட்டிருப்பாரே. வீட்டுக்குள்ள அப்படி ஒரு ஆளை வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

டெஸ்ஸா டெல்மரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஆள் பேசப்போகிறார் என்று காத்திருக்கிற பார்வை. டெல்மர் சோபாவிலிருந்து இன்னும் கிளம்பும் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கியது தான்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. ரஸ்டி முன்னால். வேறு யார் முன்னால் என்றாலும் சொல்லியிருப்பார் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுவும் பொய்.

"பச்சைப் பிள்ளையை வெச்சுக்கிட்டு இப்படியா இருப்ப," என்றாள் லொரீனா, பிள்ளையை இறுக்கிக்கொண்டு. அவளுக்கு விஷயம் தெரியாது.

டெஸ்ஸா தலையைக் குனிந்து, "தப்புதான்," என்றாள்.

டெல்மர் உள்ளே போய் கருகின பிளக்கில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டினார். பழக்கதோஷம். அட்டையில் தன் பெயரை எழுதினார்.

மறுநாள் விடியலில் காப்பியை ஊற்றிக்கொண்டே லொரீனா சொன்னாள். "ரஸ்டி பொண்டாட்டிக்கு வாய் நிக்குமா. மார்லீனுக்குப் போன் போட்டுட்டா. சனிக்கிழமை வந்து பொண்ணையும் பேரனையும் கூட்டிட்டுப் போறாளாம். எம் பொண்ணுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியலன்னு நாலு பேர் சொல்ற ஊர்ல அவ இருக்க வேணாம்னு சொல்றா."

மார்லீன் டெஸ்ஸாவின் தாய். கல்யாணத்தன்றைக்கே டெல்மருக்கும் அவளுக்கும் வாய்த்தகராறு. அதிலிருந்து இந்த வீட்டு நம்பர் வந்தால் அவள் எடுப்பதில்லை.

"டெஸ்ஸா என்ன சொல்றா?"

"என்ன சொல்லுவா? துணியை மடிச்சுக்கிட்டு இருக்கா. பேரன் தவழறதை நாம பார்க்கப்போறதில்ல, அவ்வளவுதான்."

டெல்மர் சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஷிப்ட் இறங்குவதற்கு முன்னால் எல்லாரையும் உட்காரவைத்துப் பாதுகாப்பைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவது சுரங்கத்து வழக்கம். ஃபோர்மன் வாயைத் திறக்குமுன் ரஸ்டி ஒரு பாலிதீன் பையை மேசையில் போட்டான். உள்ளே அந்தத் தங்கக் கட்டி.

"இன்னைக்கு இதைப் பத்திப் பேசுங்கப்பா. பெருசோட மருமக வீட்டையே கொளுத்தப் பார்த்தா."

யாரோ ஒருவன் சிரித்தான். "பெருசு வீட்லயா? மருமகளுக்கு அட்டை மாட்டியாச்சா?"

"கழுத்துல மாட்டிருப்பாரு."

ஃபோர்மனும் சிரித்துவிட்டு, "டெல்மர், நீயே சொல்லு. இங்க பாதிப் பேர் வீட்ல இந்தக் கண்றாவிதான் கிடக்கும்," என்றார்.

டெல்மர் எழுந்தார். முழங்கால் வலித்தது. பையைக் கையில் எடுத்தார்.

"சுவத்துல வர்றது நூத்தியிருபது வோல்ட். போனுக்குப் போறது அஞ்சு. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது இந்த டப்பாதான். நல்லதுல உள்ள தடுப்பு இருக்கும், இடைவெளி இருக்கும். மட்டமானதுல மயிரிழைதான். அது போச்சுன்னா நூத்தியிருபதும் உன் கைக்கு வரும், இல்ல துணிக்கு வரும்." பழகிய வேலையைப் பற்றிப் பேசுவதால் குரல் தானாகத் திடப்பட்டது. "முதல்ல முத்திரை இருக்கான்னு பாருங்க. செஞ்சவன் பேர் இருக்கணும். போன் கேக்கிற அளவும் டப்பால போட்டிருக்கிற அளவும் ஒத்துப்போகணும். பிளக்குல மாட்டினா ஆடக் கூடாது. தொட்டா இளஞ்சூடு பரவால்ல, கை வைக்க முடியலன்னா கழட்டி எறி. தலகாணி மேல, சோபா மேல போட்டு ஏத்தாதே. வாடை வந்தா யோசிக்காதே. எல்லாத்துக்கும் மேல, கனத்தைப் பாரு. உள்ள சாமான் இருந்தாதான் கனம் இருக்கும்."

ஆட்கள் தலையாட்டினார்கள். ஒருவன் தன் வீட்டில் இருப்பதை இன்றைக்கே தூக்கிப் போடப்போவதாகச் சொன்னான். இத்தோடு உட்கார்ந்திருக்கலாம். டெல்மர் உட்காரவும் குனிந்தார்.

"பெருசு, உருகினதுல எங்க கனம் பார்க்கிறது?" என்றான் ரஸ்டி.

"உருகினதுல இல்லடா. பங்க்குக் கூடையில கிடந்தப்பவே காலி முட்டை ஓடு மாதிரிதான் இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

ஃபோர்மன் நிமிர்ந்தார். "கூடையில கிடந்தப்ப நீ எங்க பார்த்த?"

டெல்மர் பையை மேசையில் வைத்தார்.

"நான்தான் வாங்கினேன்," என்றார். "அவ நல்லது கேட்டா. நான் இதை வாங்கிக் குடுத்தேன். சூடாகுதுன்னும் சொன்னா."

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் தேவலை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஸ்டி மட்டும் நேராகப் பார்த்தான். போன வருஷத்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் அவனுக்கு வராது. ஆனால் அவன் முகத்தில் அந்த ருசி இல்லை.

"நேத்து அந்தப் பொண்ணை நான் கிழிகிழின்னு கிழிச்சேன்," என்றான். "நீ பக்கத்துலதான நின்ன?"

ரஸ்டி விளக்குத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனான்.

அன்று முழுவதும் கீழே வேலை ஒழுங்காக நடந்தது. ஆட்கள் அவரிடம் மரியாதையாகவே பேசினார்கள், கேட்டதற்கு மட்டும். சாப்பாட்டு வேளையில் அவர் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லைதான். ஆனாலும் யாரும் உட்காரவில்லை.

ஷிப்ட் முடிந்து டவுனுக்கு வண்டியை விட்டார். கடையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்து, ஒரு புது சார்ஜரும் சுவருக்குப் புது பிளக்கும் வாங்கினார்.

வீட்டில் லொரீனா அடுப்பருகில் நின்றாள். அவளிடம்தான் முதலில் சொன்னார். அவள் கரண்டியை வைத்தாள்.

"நான் அவளைத் திட்டினேனே டெல்மர். அவ வாயே திறக்கலையே."

"திறக்கல."

"நீயும் திறக்கல." அவள் அடுப்பை அணைத்தாள். "எங்கிட்ட சொன்னது போதாது. போ."

டெஸ்ஸா சோபா இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் துணிகளை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் சுரங்கத்தில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டதை டெல்மர் நின்றபடியே சொன்னார். அவள் ஒரு குட்டிச் சட்டையை மடித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

"வாங்கினது நான்னு ஏன் சொல்லல நீ?" என்று கேட்டார்.

"உங்க கூரைக்கு அடியில இருந்துக்கிட்டு, உங்க ஆளுங்க முன்னாடி நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சோபா போனா போகுது டெல்மர். அதைவிட, நீங்க சொல்லாம நின்னதுதான் எனக்கு வலிக்குது."

டெல்மர் மெயினை இறக்கினார். தான் மாட்டிய அட்டையைக் கழற்றினார். கருகியதை எடுத்து, புதுசைப் பொருத்தி, மறுபடி மின்சாரம் விட்டார். சார்ஜரை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். புரட்டினாள். முத்திரையைத் தேடினாள், கண்டுபிடித்தாள், சின்ன எழுத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தாள். டெல்மர் வாங்கி வந்ததை இந்த வீட்டில் யாரும் அப்படிப் படித்ததில்லை. அவர் காத்து நின்றார்.

"உங்கம்மாகிட்ட நான் பேசணும்," என்றார். "என் நம்பரை அவ எடுக்க மாட்டா."

டெஸ்ஸா போனை மாட்டினாள். தீயில் தப்பி, சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த போனுக்குக் கொஞ்சம் உயிர் வந்ததும் நம்பரைப் போட்டு அவரிடம் கொடுத்தாள். கேபிள் குட்டை. பிளக் தரையோரம். நின்றுகொண்டு பேச வழியில்லை. டெல்மர் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, கரிக்குழியில் தேய்ந்த முழங்கால்களை மடக்கி, மண்டியிட்டார்.

"டெஸ்ஸா, சாப்பிட்டியாடி?" என்றது மார்லீனின் குரல்.

"டெல்மர் பேசறேன்."

வைத்துவிடுவாளோ என்று பயந்து, கேட்பவள் இருக்கிறாளா இல்லையா என்று பாராமல், எல்லாவற்றையும் சொன்னார். பங்க், கூடை, வாடை வருகிறது என்று டெஸ்ஸா சொன்னது, தான் சொன்ன பதில், ரஸ்டி திட்டும்போது தான் நின்றது.

"அதை உங்க சுரங்கத்துக்குள்ள விட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள் மார்லீன்.

"விட்டிருக்க மாட்டேன்."

"எம் பொண்ணு கையில மட்டும் குடுக்கலாம்."

டெல்மர் போனைக் காதில் வைத்தபடி, புதுப் பிளக்கின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்ஸா குனிந்து அவர் கையிலிருந்து போனை எடுத்தாள். கேபிள் எட்டாததால் அவளும் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, சனிக்கிழமை வா, பேரனைப் பாரு. ஆனா கூட்டிட்டுப் போக வராதே. ஜேரட் வர்றவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். இல்லம்மா. அவருக்காக இல்ல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா. சொல்லிட்டாரு. எல்லார்கிட்டயும்."

பேசிக்கொண்டே புறங்கையை சார்ஜர் மேல் வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். சற்றுக் கழித்து மறுபடியும் வைத்தாள்.

டெல்மர் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. யாரையும் கைகொடுக்கக் கேட்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.