அவ மேல இருக்கிற மாதிரியே

கடைக்காரம்மாள் அனுப்பிய படத்தைச் சின்னவள் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் அந்த வீட்டில் அத்தையின் கண்ணுக்குத் தப்பியது என்று எதுவும் கிடையாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள். சின்னவள் கொடுத்துவிட்டாள்.

படத்தில் ஒரு கடைப் பொம்மை. அதன்மேல் சின்னவள் தைத்த வெள்ளைச் சட்டை. கழுத்துக்குப் பின்னால் வரும் லேபிளை மட்டும் தனியாகப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதிலிருந்தது வீட்டுப் பெயர். அத்தையின் அப்பா காலத்திலிருந்து வாசல் பலகையில் இருக்கிற பெயர். கீழே இப்படி எழுதியிருந்தது: 'கோணல் சட்டை. நாலு நாள் வகுப்புக்குப் போய்க் கத்தரி பிடித்ததும் டிசைனர் ஆகிவிடுகிறார்கள். யாரும் ஏமாற வேண்டாம்.' ஊரிலுள்ள துணிக்கடைக்காரர்கள் எல்லாரும் இருக்கும் குழுவில் இதைப் போட்டு, சின்னவளுக்கும் ஒன்று அனுப்பியிருந்தாள் அந்தம்மாள்.

"கோணலா? நம்ம வீட்டுப் பேர் போட்ட துணியா?"

"விடுங்க அத்தை. இனிமே எந்தக் கடையும் என்கிட்ட வாங்காது. அவ்வளவுதான்."

"செருப்பை எடு."

"அத்தை, அடிதடி எல்லாம் வேண்டாம்..."

"போட்டுக்கத்தாண்டி சொன்னேன். கிளம்பு. அக்காவுக்கும் போன் பண்ணு, ஸ்கூல் விட்டதும் நேரா கடைக்கு வரட்டும். அவ மேல பார்த்துத்தானே அந்தம்மா வாங்கினாங்க?"

பழைய வீட்டை இடித்துக் கட்டியதென்னவோ அத்தையின் அண்ணன்தான். ஆனால் அங்கே நடக்கிறது அத்தையின் பேச்சு. அண்ணனின் இளைய மகள் டிசைன் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது முதலில் முறைத்தவளும் அத்தைதான். "துணிக்கு டிசைன் போட ஒரு வகுப்பா? அப்புறம் சோறு பிசையவும் வகுப்பு வைப்பாங்க." காகிதக் கடைக்கு மேல்மாடியில், வாரக் கடைசியில் நடந்த வகுப்பு அது. கம்பெனிக்கு வேலைக்குப் போகாமல் சொந்தமாகத் துணி செய்து தன் பெயரில் விற்க விரும்புகிறவர்களுக்கு. துணியைக் கையில் தூக்கித் தொங்கவிட்டு அது எப்படி விழுகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். முதலில் மலிவுத் துணியில் தைத்துப் பாருங்கள் என்றார்கள். பொம்மையின் மேல் துணியைக் குண்டூசியால் குத்திக் குத்தி உருவம் எடுக்கக் காட்டினார்கள். உடம்பின் ஒரு பாதிக்கு எடுத்தால் போதும், மறுபாதியை அதே அளவில் மடித்து வெட்டிக்கொள்ளலாம்.

சின்னவளிடம் பொம்மை இல்லை. அக்கா இருந்தாள், வீட்டுக்குப் பெரியவள். கணக்கு டீச்சர், அசையாமல் நிற்கும் பொறுமை உள்ளவள். அவள்மேல் குத்தி எடுத்தபோது பாதி போதவில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுத்தால்தான் துணி அழகாக உட்கார்ந்தது. ஏன் என்று சின்னவளுக்குத் தோன்றவில்லை. வகுப்பு முடிவில் நடந்த காட்சிக்கு அக்கா அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைக்காரம்மாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, "இவ மேல இருக்கிற மாதிரியே வேணும். எல்லா சைஸும் குடு" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். லேபிளில் என்ன பெயர் போடுவது என்ற பேச்சு வந்ததும், "நம்ம பேரையே போடு. ஒளிஞ்சு விக்க வேண்டிய சரக்கா?" என்றவள் அத்தை.

கடையில் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர் அடித்தது. கடைக்காரம்மாள் கழுத்தில் அளவு நாடா, டாக்டர் மாட்டிக்கொள்கிற மாதிரி. ஆனால் அத்தையின் கண் போனது உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில். வெள்ளைச் சட்டைகள் மொத்தமும் தரையில் குவிந்து கிடந்தன.

"யாரும்மா நீங்க?"

"லேபிள்ல இருக்கிற பேர்."

"ஓ! நல்லவேளை வந்தீங்க. அதையெல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க."

"எடுக்கிறது இருக்கட்டும். குப்பையைக்கூட ஒரு பையில போட்டுத்தான் வெளியே வைப்பாங்க. இது ஏன் தரையில கிடக்கு? இவ மேல இருக்கிற மாதிரியே வேணும்னு கேட்டது நீங்க. அப்படியே தைச்சுக் குடுத்தா. குறை இருந்தா கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க மாட்டீங்களா? ஊர்க்காரங்க கிட்ட போய்தான் சொல்லணுமா?"

கடைக்காரம்மாள் குனிந்தாள். குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பொம்மைக்கு மாட்டினாள். பட்டன் எல்லாவற்றையும் போட்டாள். விலகி நின்றாள்.

காலர் கழுத்தை விட்டு எழும்பி நின்றது. வலது பக்க ஓரம் மேலே ஏறியிருந்தது. பட்டன் வரிசை நேராக இறங்காமல் சாய்ந்து ஓடியது. குழந்தைக்குக்கூடத் தெரியும் கோணல்.

"நானும் போட்டுப் பார்த்தேங்க," என்றாள் விற்பனைப் பெண், பயந்த குரலில். "யாரோ பின்னாலேர்ந்து ஒரு தோளைப் பிடிச்சுத் தூக்குற மாதிரி இருந்துச்சு."

அத்தை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த சண்டை பாதியிலேயே நின்றது.

"யாரோட அளவு இது?" என்றாள் கடைக்காரம்மாள்.

"என் தப்பு மேடம்," என்றாள் சின்னவள். "வெட்டும்போது துணி நகர்ந்துடுச்சு. அவசரத்துல கவனிக்கலை."

ஒரு நூல் தள்ளிப் போனாலே முழுத் தையலையும் பிரிக்கிறவள் அவள். பச்சைப் பொய். எதற்காக என்று அத்தைக்கு அந்தக் கணத்தில் புரிந்தது.

பெரியவள் சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடியது. வலது தோள் மட்டும் இறங்கியே நின்றுவிட்டது. அந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குடும்பப் படங்களில் அவள் வலது ஓரத்தில் நிற்பாள், யாராவது சற்று முன்னால் வந்து அந்தத் தோளை மறைத்துக்கொள்வார்கள். தையல்காரர் கேட்காமலே ஒரு பக்கம் பஞ்சு வைத்துக் கொடுப்பார். நம் வீட்டுப் பெண்ணை ஊர் ஒரு சொல் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாம். சொல்லாமல் சொல்லாமல், கடைசியில் பார்க்கவும் மறந்துவிட்டார்கள். அதனால்தான் கையில் நாடாவோடு அவள்மேல் துணி குத்திய தங்கைக்கே அது தெரியவில்லை. இப்போது பொம்மையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அக்கா பெயரைச் சொல்வதைவிடக் கைத்திறமை இல்லாதவள் என்ற பெயரோடு போகத் துணிந்துவிட்டாள்.

"பொய் சொல்றா."

பெரியவள் கதவருகே நின்றிருந்தாள், கையில் சாக்பீஸ் பொடியோடு. எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. நேராகப் போய்ப் பொம்மையிலிருந்து சட்டையைக் கழற்றிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தாள். அத்தை நினைத்திருந்தால் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். வழி விட்டு விலகி நின்றாள்.

வெளியே வந்தபோது காலர் கழுத்தோடு படிந்திருந்தது. பட்டன் வரிசை நேர்கோடாக இறங்கியது. ஓரம் எங்கும் ஒரே மட்டம்.

"ஐயோ, அதே சட்டையா?" என்றாள் விற்பனைப் பெண்.

"அதேதான். எனக்கு வலது தோள் இறங்கியிருக்கு. சின்ன வயசுல விழுந்தேன். சரியா உக்கார்ற சட்டைன்னு நான் போட்டது இது ஒண்ணுதான் மேடம். இதைத்தான் நீங்க கோணல்னு எழுதியிருக்கீங்க."

"அடடா... பாவம். முதல்லயே சொல்லியிருந்தா, இந்த மாதிரி ஒரு பொண்ணை வச்சு..."

"எந்த மாதிரி பொண்ணு?" அத்தைக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது. "சொல்லுங்க. தோள் இறங்கின பொண்ணு. சொன்னா வாய் வெந்துடாது. ஆனா பாவம்னு ஒண்ணு சொன்னீங்களே, அதை நீங்களே வச்சுக்கோங்க. அவ கிட்ட பாவப்பட என்ன இருக்கு? பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைங்க அவளைக் கண்டா நடுங்குது."

கடைக்காரம்மாள் நாடாவை இழுத்து இழுத்து விட்டாள். "சரிம்மா. ஆனா நான் இதை யாருக்கு விக்கிறது?"

"அது நியாயம். ஊருக்குத் தைக்கிறவ ஒரே உடம்பை நம்பித் தைக்கக் கூடாது. அந்தத் தப்பு எங்களுது. ஏய், இதைச் சரி பண்ண முடியுமா?"

"முடியும் அத்தை," என்றாள் சின்னவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "தோள்ல வர்ற துண்டைப் புதுசா வெட்டணும். காலரையும் கையையும் கழட்டித் திரும்ப வைக்கணும். வேலை ஜாஸ்தி. ஆனா முடியும்."

"கேட்டீங்களா? சட்டையை அவ பிரிச்சுத் தைப்பா. நீங்க ஊருக்குச் சொன்னதை நீங்க பிரிங்க. இப்பவே, எங்க முன்னாடி."

கடைக்காரம்மாள் போனை எடுத்தாள். எழுதிக் காட்டினாள். 'ஒரு சின்னத் தவறான புரிதல்' என்று தொடங்கியது.

"எது சின்னது? பேரைப் பெருசு பண்ணித்தானே போட்டீங்க? அழிங்க."

பிறகு பெரியவள் சொல்லச் சொல்ல அந்தம்மாள் எழுதினாள். 'இந்தச் சட்டை தோள் இறங்கிய ஒரு பெண்ணுக்கு அளந்தது. அவளுக்குச் சரியாக இருக்கிறது. விசாரிக்காமல் எழுதிவிட்டேன். கடைக்கு வேண்டிய அளவில் தைத்தவரே மாற்றித் தருகிறார்.'

"அந்தத் தோள் விஷயம்..." அத்தை இழுத்தாள். "அதைப் போட்டே ஆகணுமா?"

"போடணும் அத்தை. வீட்ல ஒருத்தராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தா, இவ இன்னும் நாலு பேர் மேல வச்சுப் பார்த்திருப்பா. என்னை மறைக்கிறோம்னு இவ கையை வெட்டிட்டோம்."

அத்தை பெரியவளின் வலது தோளில் கை வைத்தாள். பிறகு கடைக்காரம்மாளைப் பார்த்து, "போடுங்க. அந்த லேபிள் படத்தையும் சேர்த்துப் போடுங்க. எங்க பேர் நல்லாத் தெரியட்டும்" என்றாள்.

செய்தி போனதும் சின்னவள் ஒரு வார்த்தை கேட்காமல் கடைக்காரம்மாள் கழுத்திலிருந்த நாடாவை உருவினாள். முதலில் விற்பனைப் பெண்ணை நிறுத்தி அளந்தாள். அப்புறம் கடைக்காரம்மாளையே அளந்தாள். அந்தம்மாள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றது எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியில் அத்தை பக்கம் திரும்பினாள்.

"நான் எதுக்குடி?"

"உங்க வயசுக்காரங்க சட்டை போட மாட்டாங்களா? மூச்சை விடுங்க அத்தை. இப்படி விறைச்சு நின்னா அளவு பொய்யாயிடும்."

நாடா ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போனது. திரும்பவும் போனது. சின்னவள் அளவை எழுதாமல் நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை அத்தை."

"என்னன்னு கேட்டேன்."

"இடது தோள்... கொஞ்சம் தூக்கலா இருக்கு."

கடையே அத்தையின் முகத்தைப் பார்த்தது. அவள் கன்னம் சிவந்தது.

"தூக்கலா இருந்தா தூக்கல்னு எழுது. வாயை மூடிக்கிட்டு அடுத்த லாட் சட்டைகளையும் கெடுக்கப் போறியா?"